சுவர் தாங்கும் எடை

புது வீடு வாங்கியவர்கள் எங்கள் கடைக்குள் நுழையும்போதே எனக்குத் தெரிந்துவிடும். முகம் நிறையப் பெருமை, கையில் புதுச் சாவிக்கொத்து, கேட்பது மட்டும் ஒரே ஒரு சுத்தியல். ஒரு சுத்தியலை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள், தலையில் அடித்துக்கொள்வீர்களா என்று கேட்க வாய் துறுதுறுக்கும். கேட்க மாட்டேன். கவுண்டருக்கு அடியிலிருந்து என் பட்டியலை எடுத்து நீட்டுவேன். அளவு நாடா, ரசமட்டம், ஸ்க்ரூடிரைவர் செட், குறடு, டெஸ்டர், டிரில் மெஷின், பிளக், ஸ்க்ரூ, டெஃப்லான் டேப், டார்ச், மடக்கு ஏணி என்று தொடங்கி மொத்தம் இருபத்திரண்டு சாமான். கூடவே வாயாலும் ஒரு பாடம் உண்டு.

“சாமான் கிடக்கட்டும் சார். உங்க வீட்டு மெயின் வால்வு எங்க இருக்கு, சொல்லுங்க பாப்போம்.”

முக்கால்வாசிப் பேர் திருதிருவென்று விழிப்பார்கள். ஹார்டுவேர் கடையில் பதினாலு வருஷமாக நிற்கிறேன், எத்தனை விழியைப் பார்த்திருப்பேன்! கஸ்டமர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘லிஸ்ட் அக்கா’. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் இவ்வளவு பேசும் நான் போன மாதம்வரை ஒரு சுவரிலும் ஒரு துளை போட்டதில்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், நாலு வாடகை வீடு, நாலு ஹவுஸ் ஓனர். நாலு பேருக்கும் சட்டம் ஒன்றுதான்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. காலண்டரை ஜன்னல் கம்பியில் மாட்டினோம். கடிகாரத்தை அலமாரி மேல் சாய்த்து வைத்தோம். ஒரே ஒருமுறை என் கணவர் துணிந்து ஓர் ஆணி அடித்துவிட்டார். வீடு காலி செய்த அன்று அந்தத் துளையைப் பற்பசை வைத்து அடைத்துவிட்டு, ஓனர் சுற்றிப் பார்த்து முடிக்கும்வரை அதன் முன்னால் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார் மனுஷர். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர். நூறு தடவை சரிபார்த்துத்தான் ஒரு மாத்திரையையே எடுத்துக் கொடுப்பார்.

அந்தச் சட்டத்தால் வந்த வினை ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

கடைசியாக இருந்த வாடகை வீட்டுக் குளியலறையில் துண்டு போட ஒரு கம்பி இல்லை. எங்கள் கடைக்கே ஒட்டுகிற கம்பி வந்தது. பின்னால் இருக்கும் காகிதத்தை உரித்து டைல்ஸில் வைத்து அழுத்தினால் போதும். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று இரண்டு முனையிலும் பொய்யாக ஸ்க்ரூத் தலை வைத்துச் செய்திருந்தார்கள். என் மாமனார் தன் மகள் வீட்டுக்குப் போயிருந்த வாரம், நான்தான் அதை ஒட்டினேன். “ஓனர்கிட்ட கேட்டியா?” என்று கணவர் பதறினார். கேட்டுவிட்டுத்தான் ஸ்க்ரூ போட்டேன் என்று விளையாட்டுக்குச் சொன்னேன். அவர் நம்பிவிட்டார், நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

மூன்றாவது வாரம் மாமா குளித்துவிட்டு எழும்போது அந்தக் கம்பியைப் பிடித்தார். கம்பி கையோடு வந்துவிட்டது. எண்பத்துநாலு கிலோ மனிதர், வலது இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு மாற்றுத்துணி எடுக்க வந்தவள், அந்தக் கம்பியைப் பழைய துணியில் சுற்றித் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். ஐந்து மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை.

எலும்பு கூடிவிட்டது. தனியாக நடக்கலாம், தனியாகக் குளிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமாதான் எதையும் பிடித்து எழ மறுத்தார். மகன் கூட நின்று தோள் கொடுத்தால்தான் குளியல், அதுவும் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு. நாங்கள் வாங்கிய புது வீட்டின் சாவி கிடைத்த அன்றே அவர் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போன் போட்டு இடம் பேசிவிட்டார்.

“ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு வண்டி வரும். யாரும் மூக்கைச் சிந்தக் கூடாது” என்று எங்களுக்கு அறிவிப்பு.

நாங்கள் குடிபோனது அதே வாரம் புதன்கிழமை. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். அவர் இல்லாத வளை எனக்கு எதற்கு? கல்யாணமான புதிதில் நான் இனிமேல் கடைக்கு வேலைக்குப் போகக் கூடாது என்று சொந்தம் மொத்தமும் வரிசை கட்டி நின்றபோது, “அவ வேலைக்குப் போற வரைக்கும் எனக்குச் சோறு வேண்டாம்” என்று இரண்டு வேளை பட்டினி கிடந்த ஆள் அவர். அப்படிப்பட்டவரை நான் ஒட்டிய ஒட்டுக்கம்பி வீட்டைவிட்டு அனுப்புவதா? மூன்று நாள் லீவு போட்டேன். குளியலறையில் ஒரு கைப்பிடி, ஞாயிற்றுக்கிழமை வண்டி காலியாகத் திரும்ப வேண்டும். வேறு எதுவும் எனக்குத் தேவையில்லை.

வியாழனும் வெள்ளியும் மூட்டை பிரிப்பதிலேயே போய்விட்டன. சனிக்கிழமை காலை என் பட்டியல் சாமான் அத்தனையையும் குளியலறை வாசலில் பரப்பினேன். இருபத்திரண்டும் எனக்கே எனக்கு. எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. மெயின் வால்வைச் சாத்தினேன். கட்டியவரிடம் வாங்கிய படத்தைப் பார்த்து, சுவருக்குள் குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று உறுதி செய்துகொண்டேன். திரும்பினால் என் கணவர் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டிருக்கிறார்.

“ஏங்க, எதுக்கு ஜன்னலைச் சாத்தறீங்க?”

“சத்தம் கேக்கும்ல?”

“யாருக்கு?”

கொஞ்சம் யோசித்தார். “ஹவுஸ் ஓனருக்கு.”

“அது நாமதாங்க!”

“ஆமால்ல” என்றார். ஆனாலும் ஜன்னலைத் திறக்கவில்லை.

சிரித்துவிட்டேனே தவிர, டிரில்லைக் கையில் எடுத்ததும் எனக்கும் உள்ளங்கை வேர்த்தது. பன்னிரண்டு வருஷப் பழக்கம், லேசில் போகுமா? டைல்ஸ் மேல் காகித டேப் ஒட்டினேன், முனை வழுக்காமல் இருக்க. பென்சிலால் புள்ளி வைத்தேன். டைல்ஸுக்கான பிட், மெதுவான வேகம், தட்டிக்கொண்டே துளைக்கும் பொத்தான் அணைத்தே இருக்க வேண்டும், இல்லையென்றால் டைல்ஸ் பிளந்துவிடும். இதையெல்லாம் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சொன்னபடியே செய்தேன். கிர்ரென்று வெள்ளைத் தூள் கொட்டியது, டைல்ஸ் தாண்டியதும் செங்கல் தூள் சிவப்பாக வந்தது. ஒரு விரிசல் இல்லை.

“ஐயோ, நிஜமாவே துளை!” என்றார் கணவர்.

நாலு துளை, அதில் செருக நாலு பிளாஸ்டிக் பிளக், நாலு ஸ்க்ரூ. பெட்டியில் போட்டிருந்த உயரத்தில், ரசமட்டம் வைத்துப் பார்த்த நேர்கோட்டில் கைப்பிடி பளபளவென்று உட்கார்ந்தது. இரண்டு கையாலும் பிடித்துக் காலைத் தூக்கித் தொங்கிக் காட்டினேன். என் எடையைச் சொல்ல மாட்டேன், ஆனால் அது சின்ன எடை இல்லை.

“மாமா, வந்து பாருங்க!”

வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தார். கைப்பிடியைப் பார்த்தார். தொடவில்லை.

“நல்லாத்தான் போட்டிருக்க.”

“பிடிச்சுப் பாருங்க மாமா. மலையே சாஞ்சாலும் இது சாயாது.”

“போன வீட்டுல இருந்ததும் ஸ்க்ரூ போட்டதுதாம்மா” என்றார். கோபமே இல்லாத குரல். “ஸ்க்ரூத் தலையைப் பாத்துட்டுத்தான் பிடிச்சேன். கையோட வந்துடுச்சு.”

“அது வேற, இது வேற.”

“கம்பியைக் குத்தம் சொல்லல. என்னைச் சொல்றேன். முப்பத்தஞ்சு வருஷம் கிரேன் ஓட்டினவன். எது எவ்வளவு தாங்கும்னு பாத்த உடனே சொல்லுவேன், ஒரு நாள் தப்பினதில்ல. அந்தக் கண்ணு போயிடுச்சு. இன்னிக்குக் கம்பி, நாளைக்குக் கேஸ் அடுப்பு. என்னால உங்களுக்கு ஒரு ஆபத்து வர்றதுக்குள்ள, ஆளு வச்சுப் பாத்துக்கற இடத்துக்குப் போயிடறேன். விடு.”

சுவரைப் பார்த்துத்தான் பயப்படுகிறார் என்று ஐந்து மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேனே! அவர் பயந்தது தன்னைப் பார்த்து. அந்தப் பயத்தைத் தீர்க்கும் ஒரே அத்தாட்சியை நான் துணியில் சுற்றிக் குப்பையில் போட்டிருந்தேன். சொல்லாமல் விட்டால் நாளை வண்டி அவரை ஏற்றிக்கொண்டு போகும், சொன்னால் அவரும் என் முகத்தில் முழிக்க மாட்டார், கணவரும் முழிக்க மாட்டார். தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன?

“மாமா, அதுல ஸ்க்ரூவே இல்ல.”

“எதுல?”

“அந்தக் கம்பியில. நான் ஒட்டினேன். பசை. நீங்க பாத்தது பிளாஸ்டிக் தலை, சும்மா அழகுக்கு வச்சது. துண்டு தாங்கும், ஆள் தாங்காது. விழுந்த அன்னிக்கே எடுத்துக் குப்பையில போட்டுட்டேன். உங்க கண்ணுல ஒரு குறையும் இல்ல மாமா. தப்பு முழுக்க என்னோடது.”

விளங்கியதும் வாக்கரைத் தூக்கித் தரையில் குத்தினார். டைல்ஸ் அதிர்ந்தது.

“பசையா? பசைக்கா நான் அஞ்சு மாசம்...” குரல் உடைந்தது. “அஞ்சு மாசம் எம் புள்ள முன்னால துணியில்லாம நின்னேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா உனக்கு?”

அவர் திரும்பித் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என் கணவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. “என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல” என்று மட்டும் கேட்டுவிட்டுக் கீழே சிந்தியிருந்த தூளைப் பெருக்க ஆரம்பித்தார். அது அடியைவிட வலித்தது.

பரப்பிய சாமான்களுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். லிஸ்ட் அக்காவுக்கு வாய் அடைத்துப்போனது அதுதான் முதல் தடவை. எங்கள் கஸ்டமர் யாராவது பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஒரு மணி நேரம் இருக்கும். வாக்கர் சத்தம் திரும்பக் கேட்டது.

“அப்போ நான் பாத்தது சரிதான்” என்றார் வாசலில் நின்று. “ஸ்க்ரூத் தலை இருந்துச்சு, நம்பினேன். எந்த ஆபரேட்டரா இருந்தாலும் நம்பித்தான் இருப்பான். ஏமாத்தினது நீ.”

“ஆமாம் மாமா.”

“உன்னை என்ன பண்றதுன்னு அப்புறம் யோசிக்கறேன். முதல்ல இதைக் கழட்டு. எவன் உயரத்துக்குப் போட்ட?”

“பெட்டியில போட்டிருந்த உயரம்.”

“பெட்டியா குளிக்கப் போகுது?”

நியாயமான கேள்வி. கைப்பிடி போட இத்தனை யோசித்த நான், அதைப் பிடிக்கப் போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் குளிக்கும் முக்காலியில் உட்கார்ந்தார். தான் இழுத்து எழுபவர் இல்லை, அழுத்தி எழுபவர் என்றார். அப்படியென்றால் கைப்பிடி இன்னும் கீழே வேண்டும். என் கருவிப் பெட்டியில் சுவரில் நேர்கோடு போட நூலில் தடவி அடிக்கிற நீலப் பொடி இருந்தது. அவர் இடது உள்ளங்கையில் அதைக் கொட்டித் தேய்த்தேன். மகனை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லிவிட்டு, தன்போக்கில் எழுந்தார். கை சுவரில் தானாகப் போய் ஓர் இடத்தில் அழுந்தியது. எழுந்து நின்று பார்த்தால் டைல்ஸில் அஞ்சு விரலும் நீலமாகப் பதிந்திருந்தது. என் கைப்பிடிக்கு ஒரு சாண் கீழே.

“இங்க போடு” என்றார்.

போட்டேன். இந்த முறை என் கை வேர்க்கவில்லை. மேலே பழைய துளை நாலும் புதுச் சுவரில் பல்லிளித்தன. கணவர் பழக்க தோஷத்தில் பற்பசையோடு வந்துவிட்டார்.

“டேய், இங்க யாருடா உன்னைக் கேக்கப் போறான்?” என்றார் மாமா. அன்று அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது, பாதிச் சிரிப்புதான் என்றாலும்.

புதுக் கைப்பிடி உட்கார்ந்ததும் நான் வழக்கம்போல் தொங்கப் போனேன். மாமா கையை நீட்டித் தடுத்தார்.

“இதுக்குப் பேரு சோதனையா? ரெண்டு நொடி தொங்கினா எதுவும்தான் தாங்கும். லோடு டெஸ்டுன்னா தூக்க வேண்டிய எடையைவிடக் கால் பங்கு கூட வைக்கணும். வச்சுட்டு நிறுத்தணும். நான் எண்பத்துநாலு. எவ்வளவு வருது?”

“நூத்தஞ்சு” என்றார் கணவர் உடனே.

“நல்ல கயிறு இருக்கா?”

பட்டியலில் பதினேழாவது சாமான் கயிறு. இல்லாமல் இருக்குமா? பெயின்ட் அடித்தபோது மிஞ்சிய நாற்பது கிலோ பட்டி மூட்டை இரண்டும் வராந்தாவில் கிடந்தன. நானும் கணவரும் மூச்சு வாங்க இழுத்து வந்து ஒரு குட்டை ஸ்டூல் மேல் அடுக்கினோம். அதற்குப்பிறகு எங்களுக்கு வேலை இல்லை. மாமா முக்காலியில் உட்கார்ந்து கயிற்றை எடுத்தார். மூட்டைகளைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்கும் கயிறு ஓடியது, முடிச்சு விழுந்தது, இறுகியது. ஐந்து மாதமாகக் காபி டம்ளரைக்கூட நடுங்கிக்கொண்டே வாங்கிய கை அது. கைப்பிடியில் கட்டி முடித்ததும், அதன் அடியை ஒட்டி டைல்ஸில் ஒரு மெல்லிய பென்சில் கோடு போட்டார். ஒரு இம்மி இறங்கினாலும் அந்தக் கோடு மறைந்துவிடுமாம்.

“ஸ்டூலை எடு.”

எடுத்தேன். மூட்டைகள் லேசாக ஆடி நின்றன. பிறகு பிடித்து வைத்திருந்த தண்ணீரை இருபது லிட்டர் வாளியில் நிரப்பி மாட்டச் சொன்னார். மொத்தம் நூறு. மிச்சத்துக்குச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, என் கருவிப் பெட்டியைக் காட்டினார். அது ஏழு கிலோ. நூற்றேழு கிலோவும் என் நாலு ஸ்க்ரூவில் தொங்கியது.

“காலைல வரைக்கும் தொங்கட்டும். யாரும் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். இருப்பேன் என்றும் சொல்லவில்லை, போவேன் என்றும் சொல்லவில்லை. அவர் அறையில் கட்டி வைத்த பெட்டி கட்டியபடியே இருந்தது. நாளை என்ன செய்யப் போகிறார் என்று என் கணவர் என்னைக் கேட்டார். ஸ்க்ரூவைப் பற்றிக் கேளுங்கள், அடித்துச் சொல்கிறேன், உங்கள் அப்பாவைப் பற்றி எனக்குத் தெரியாது என்றேன்.

ஞாயிறு காலை நான் எழுந்தபோதே மாமா குளியலறையில் இருந்தார். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, டார்ச் அடித்துப் பென்சில் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது முனை, நடு, வலது முனை. மறுபடி இடது முனை.

“இறங்கலை” என்றார்.

அவ்வளவுதான். ஒரு சபாஷ் இல்லை. சுமையை இறக்கச் சொன்னார், இறக்கினோம். மெயின் வால்வைத் திறக்கச் சொன்னார், திறந்தேன். காலைச் சாப்பாடு ஆனது. யாரும் வண்டியைப் பற்றிப் பேசவில்லை. பத்தரை மணிக்குத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறைக்குப் போனார். பழக்கப்படி கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனார்.

“நீ எங்க வர?” என்றார் மாமா.

கணவர் வெளியே நின்றார். கதவு மூடிக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. நாங்கள் இரண்டு பேரும் கதவுக்கு இந்தப் பக்கம் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். அவர் என் கையை இறுக்கிய இறுக்கில், நேற்றைய கோபம் கொஞ்சம் ஆறியிருக்கிறது என்று தெரிந்தது.

வண்டி பத்தே முக்காலுக்கே வந்துவிட்டது. டிரைவர் நல்ல மனிதர், செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றார். “பெரியவர் ரெடியாம்மா? பெட்டியை நான் எடுத்துக்கட்டுமா?”

நான் குளியலறைக் கதவுக்கு ஓடினேன். “மாமா, வண்டி வந்துடுச்சு.”

தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றது. ஈரக் கை கைப்பிடியில் விழுந்தது. ஒரு முனகல், முக்காலி நகர்ந்தது, ஒரு நீண்ட பெருமூச்சு. எழுந்துவிட்டார். எண்பத்துநாலு கிலோவும் என் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டது.

“குளிச்சிட்டிருக்கேன்னு சொல்லு!”

“எவ்வளவு நேரம் ஆகும்னு கேப்பாரே மாமா?”

“கேட்டா, அந்தாளு அவரு வீட்டுல நிதானமா குளிக்கறாரு, நீ கிளம்புப்பான்னு சொல்லு!”

வாசலுக்கு வந்தேன். சொல்ல வாயைத் திறந்தால் சொல் வரவில்லை, அழுகைதான் வந்தது. சும்மா கண் கசிகிற அழுகை இல்லை, ஓவென்று, பிடிக்கப் பிடிக்க நிற்காத அழுகை. டிரைவர் வெலவெலத்துப் போய்விட்டார், பாவம்.

“ஐயையோ, பெரியவருக்கு என்னம்மா ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலண்ணா” என்றேன். “எங்க மாமா குளிக்கறார்.”